நான்கு கடிகாரங்களும் ஒரு பொய்யும்

"மணி என்ன?" என்பது உலகிலேயே எளிய கேள்விகளுள் ஒன்று. சுவரைப் பார்க்கிறோம், அல்லது கையைப் பார்க்கிறோம், விடை கிடைத்துவிடுகிறது. ஆனால் ஒரு வீட்டிலே இரண்டு கடிகாரங்கள் இருந்து, கூடத்துக் கடிகாரம் 8.30 என்றும் சமையலறைக் கடிகாரம் 8.35 என்றும் காட்டினால், அந்த எளிய கேள்வியே பெரிய கேள்வியாகிவிடுகிறது. இரண்டில் ஒன்று தவறு என்பது தெரிகிறது. எது தவறு என்பதுதான் தெரியவில்லை. பள்ளிக்குப் புறப்படும் வேளையில் இதைவிடத் தொல்லை வேறு உண்டா?

வீட்டில் இது ஐந்து நிமிடத் தொல்லை. ஆனால் இன்று வங்கிகளின் கணிப்பொறிகள், கைப்பேசிக் கோபுரங்கள், மின்நிலையங்கள், விமானத்தினுள் இருக்கும் கருவிகள் எனக் கோடிக்கணக்கான இயந்திரங்கள் கம்பியாலும் வானொலி அலைகளாலும் பிணைக்கப்பட்டுள்ளன. அவை ஒவ்வொன்றினுள்ளும் ஒரு சிறு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கடிகாரங்கள் யாவும் ஒத்த நேரத்தைக் காட்டவேண்டும். அதுமட்டுமன்று, அவற்றுள் ஒன்றிரண்டு பழுதாகி வாயில் வந்த நேரத்தைச் சொன்னாலும் மற்றவை நிலைதவறாமல் இருக்கவேண்டும். இது எவ்வாறு கைகூடுகிறது? இதனை நமக்கு விளங்கும் வகையில் இக்கட்டுரையிலே காண்போம்.

கடிகாரம் ஏன் பிசகுகிறது?

நம் கைக்கடிகாரத்திலும் கணிப்பொறியிலும் இருப்பது குவார்ட்ஸ் என்னும் படிகத்தின் மெல்லிய துண்டு. மின்சாரம் பாய்ந்தால் அது சீராக அதிரும். கைக்கடிகாரத்துப் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிரும்படி வெட்டப்படுகிறது. இந்த எண் எதற்கு என்று வியக்கிறீர்களா? 32,768-ஐ இரண்டால் பதினைந்து முறை வகுத்துப் பாருங்கள். ஒன்று என்று வரும். இரண்டால் வகுப்பது மின்சுற்றுக்கு மிக எளிய வேலை. ஆகவே பதினைந்து படிகளைக் கடந்தால் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடுகிறது.

ஆனால் படிகம் வெயிலில் ஒரு மாதிரியும் குளிரில் ஒரு மாதிரியும் அதிர்கிறது. வயது ஏற ஏறவும் சற்றே மாறுகிறது. பத்து இலட்சத்தில் இருபது பங்கு பிசகு என்பது சாதாரணப் படிகத்துக்கு இயல்பானதே. ஒரு நாளைக்கு 86,400 விநாடிகள். அதிலே பத்து இலட்சத்தில் இருபது பங்கு என்றால் ஏறக்குறைய 1.7 விநாடி. ஒரு மாதத்தில் 52 விநாடி. ஒரு கடிகாரம் முந்தியும் மற்றொன்று பிந்தியும் ஓடினால், இரண்டுக்கும் இடையே மாதம் ஒன்றுக்கு ஒன்றே முக்கால் நிமிட வேறுபாடு வந்துவிடும். யாரும் தவறு செய்யவில்லை, எதுவும் உடையவில்லை. ஆயினும் கடிகாரங்கள் தாமாகவே ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செல்கின்றன.

இதனினும் மேலானது அணுக்கடிகாரம். 1967-ஆம் ஆண்டு முதல் ஒரு விநாடி என்பதே சீசியம் அணுவைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. அவ்வணுவிலிருந்து எழும் குறிப்பிட்ட கதிர்வீச்சு 9,192,631,770 முறை அதிரும் காலமே ஒரு விநாடி. நம் நாட்டின் நேரத்தைப் புதுடெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் இத்தகைய கடிகாரங்களைக் கொண்டு காத்துவருகிறது. ஆனால் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஓர் அணுக்கடிகாரம் வாங்கிவைக்க இயலுமா? இயலாது. எனவே நல்ல கடிகாரம் சிலவற்றிடம் மட்டும் இருக்கிறது. மற்றவை அவற்றிடம் நேரம் கேட்டுத் தம்மைத் திருத்திக்கொள்கின்றன.

சிறு பிழை, பெருந்துயரம்

"ஒரு விநாடிக்கும் குறைவான பிழைக்கா இவ்வளவு பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு விடையாக 1991-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு துயரத்தைக் கூறுவோம். வளைகுடாப் போர் நடந்த காலம். சவூதி அரேபியாவில் தஹ்ரான் என்னும் ஊரில், எதிரி ஏவுகணைகளை வானிலேயே தடுக்கும் 'பேட்ரியட்' அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. அதன் கணிப்பொறி நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணி வந்தது. மூன்றில் ஒன்று என்பதை நாம் தசம எண்ணில் எழுதினால் 0.333... என்று முடிவின்றிப் போகிறதன்றோ? அதுபோலவே, பத்தில் ஒன்று என்பதைக் கணிப்பொறி தன் இரும எண்ணில் எழுதினால் முடிவின்றிப் போகும். 24 இலக்கத்தோடு அதனை வெட்டிவிட்டார்கள். வெட்டியதால் வந்த பிழை, ஒரு துடிப்புக்கு ஒரு விநாடியின் கோடிப் பங்கில் ஒன்றுதான். அதுகூட முழுமையாக இல்லை.

ஆனால் அவ்வமைப்பு நூறு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடியது. நூறு மணி நேரத்தில் பத்தில் ஒரு விநாடிகள் 36 இலட்சம். சிறு துளி பெருவெள்ளம் என்பார்கள். இங்கே அது தீமையில் பலித்தது. சேர்ந்த பிழை ஏறக்குறைய 0.34 விநாடி. கணிப்பொறியின் ஒரு பகுதி திருத்திய கணக்கையும் மற்றொரு பகுதி திருத்தாத கணக்கையும் பயன்படுத்தியதால், பிழை ஒன்றையொன்று ஈடுசெய்யவும் வழியில்லை. வந்துகொண்டிருந்த ஏவுகணை அந்த நேரத்துக்குள் அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். ஆகவே தடுப்பமைப்பு வேறோரிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1991 பிப்ரவரி 25 அன்று அந்த ஏவுகணை படைவீரர் தங்கியிருந்த இடத்தில் விழுந்து 28 பேர் மாண்டனர். நெடுநேரம் ஓடினால் பிசகு வருகிறது என்னும் செய்தி இரண்டு வாரங்களுக்கு முன்பே அனுப்பப்பட்டிருந்தது. திருத்திய நிரல் தஹ்ரானை அடைந்ததோ பிப்ரவரி 26 அன்று. ஒரே ஒரு நாள் தாமதம்!

இது ஒரே கருவிக்குள் நேர்ந்த நேரப் பிசகு. பல கருவிகள் சேர்ந்து உழைக்கும்போது இன்னும் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். இன்றைய கைப்பேசிக் கோபுரங்களுள் ஒருவகை, ஒரே அலைவரிசையிலே முறைவைத்து அனுப்பவும் பெறவும் செய்கின்றன. முறை தவறாதிருக்க அவற்றின் நேரம் ஒன்றரை மைக்ரோ விநாடிக்குள், அஃதாவது ஒரு விநாடியைப் பத்து இலட்சமாகப் பங்கிட்டால் அதில் ஒன்றரைப் பங்குக்குள், ஒத்திருக்கவேண்டும்.

நேரத்தைக் கேட்பதற்கும் நேரம் ஆகும்

சரி, நல்ல கடிகாரத்திடம் நேரம் கேட்டால் போயிற்று என்று தோன்றும். ஆனால் தூரத்தில் இருப்பவரிடம் கடிதம் எழுதி, "இப்போது மணி என்ன?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? பதில் நம் கைக்கு வரும்போது அந்த "இப்போது" கடந்துபோயிருக்கும். கணிப்பொறிகளின் கடிதம் மின்னல் வேகத்தில் செல்கிறதே தவிர, சிக்கல் இதேதான்.

இதற்கு ஓர் அழகிய வழி உண்டு. நம் கடிகாரத்தில் 20.00-ஆவது விநாடியில் கேள்வியை அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பதில் 20.08-ஆவது விநாடியில் வந்து சேருகிறது. பதிலில் 25.00 என்று எழுதியிருக்கிறது. போகவும் வரவும் மொத்தம் 0.08 விநாடி ஆயிற்று. போவதற்குப் பாதி, வருவதற்குப் பாதி என்று கொண்டால், பதில் புறப்பட்டு 0.04 விநாடி ஆகியிருக்கும். ஆகவே நம் கடிகாரத்தை 25.04 என்று வைத்துக்கொள்ளலாம். போகும் வழியும் வரும் வழியும் ஒரே அளவு நேரம் எடுக்கவில்லையானால்? அப்போதும் பிழை 0.04 விநாடிக்கு மேல் போகாது. நமக்குச் சரியான நேரம் கிடைப்பதோடு, அது எவ்வளவு பிசகியிருக்கக்கூடும் என்ற எல்லையும் கிடைக்கிறது. இந்த எல்லை பின்னால் நமக்கு மிகவும் பயன்படும், நினைவில் வையுங்கள்.

இவ்வாறு கணிப்பொறிகள் நேரம் கேட்டுக்கொள்ளும் முறையை அமெரிக்காவைச் சேர்ந்த டேவிட் மில்ஸ் என்னும் அறிஞர் வகுத்து 1985-இல் வெளியிட்டார். 'என்.டி.பி.' என்று அழைக்கப்படும் அம்முறை, பல திருத்தங்களுக்குப் பின் இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது. அணுக்கடிகாரத்தோடு நேரடியாக இணைந்த கணிப்பொறிகள் முதற்படியிலும், அவற்றிடம் கேட்பவை இரண்டாம் படியிலும், அவற்றிடம் கேட்பவை மூன்றாம் படியிலுமாகப் படிப்படியாக நேரம் கீழே இறங்கி வருகிறது. மில்ஸ் 2024 ஜனவரியில் மறைந்தார்.

ஒன்றா, இரண்டா, மூன்றா?

இனி நம் கட்டுரையின் இதயத்துக்கு வருவோம். நாம் யாரிடம் நேரம் கேட்கிறோமோ அக்கடிகாரமே பழுதானால் என்ன செய்வது?

இக்கேள்வி புதிதன்று. கடலோடிகள் இதனை நூற்றாண்டுகளுக்கு முன்பே சந்தித்தார்கள். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே கப்பலில் உள்ள கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினால், நிலநடுக்கோட்டருகே கப்பல் இருக்குமிடம் ஏறக்குறைய 28 கிலோமீட்டர் தவறாகக் கணக்கிடப்படும். நள்ளிரவில் பாறைகள் நிறைந்த கரையோரம் இவ்வளவு தவறினால் கப்பலின் கதி என்னவாகும்! அதனால்தான் "கடிகாரம் ஒன்றை எடுத்துச் செல், அல்லது மூன்றை எடுத்துச் செல், இரண்டை மட்டும் எடுத்துச் செல்லாதே" என்று மாலுமிகளிடையே ஒரு சொல் வழங்கியது. இரண்டு முரண்பட்டால் எது சரி என்று தெரியாது. மூன்று இருந்தால் பெரும்பான்மையை நம்பலாம். சார்லஸ் டார்வின் பயணம் செய்த 'பீகிள்' கப்பல் 1831-இல் புறப்பட்டபோது அதிலே 22 கடிகாரங்கள் இருந்தன என்றால், அக்கடலோடிகளின் எச்சரிக்கையை என்னென்பது!

அப்படியானால் மூன்று போதும் என்று முடிவு கட்டிவிடலாமா? நின்றுபோன கடிகாரத்துக்கும், விரைந்தோடும் கடிகாரத்துக்கும் மூன்று போதும். ஏனெனில் அவை எல்லாரிடமும் ஒரே தவறைச் சொல்கின்றன. ஆனால் மற்றொரு வகைப் பழுது உண்டு. அதுதான் இரட்டை நாக்கு. இவரிடம் ஒன்றும் அவரிடம் வேறொன்றும் சொல்லும் கடிகாரம்! இயந்திரத்துக்கு வஞ்சகம் ஏது என்று எண்ணவேண்டா. ஒரு கம்பியிலே மின்னழுத்தம் சற்றுக் குறைந்துவிட்டால் போதும். அதே குறியை ஒரு கருவி 'ஒன்று' என்றும் மற்றொரு கருவி 'சுழி' என்றும் படித்துவிடக்கூடும். வஞ்சகம் இல்லாமலே வஞ்சகத்தின் விளைவு வந்துவிடுகிறது.

வகுப்பறையில் ஒரு விளையாட்டு

இதனை நாங்கள் எங்கள் வகுப்பிலே விளையாட்டாகச் செய்து பார்த்தோம். எங்கள் அறிவியல் ஆசிரியை முதலில் மூன்று மாணவியரை நிறுத்தினார். அ, ஆ, இ என்று அவர்களை அழைப்போம். அ-வின் சீட்டில் 9.00, ஆ-வின் சீட்டில் 9.12. இ என்பவள்தான் இரட்டை நாக்குக் கடிகாரம். ஆனால் அது மற்ற இருவருக்கும் தெரியாது. ஒவ்வொருத்தியும் மற்ற இருவரின் நேரத்தைக் காதோடு கேட்டு, தன்னுடையதையும் சேர்த்து, மூன்றில் நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ள வேண்டும். இதுவே விதி.

இ என்ன செய்தாள்? அ-விடம் 8.48 என்றாள். ஆ-விடம் 9.24 என்றாள். அ கண்டவை 8.48, 9.00, 9.12; நடுவில் இருப்பது அவளுடைய 9.00-தான். ஆ கண்டவை 9.00, 9.12, 9.24, நடுவில் இருப்பது அவளுடைய 9.12-தான். இருவரும் "நான் சரியாகத்தான் இருக்கிறேன்" என்று மகிழ்ந்து அசையாமல் நின்றுவிட்டார்கள். பன்னிரண்டு நிமிட வேறுபாடு அப்படியே இருந்தது. சராசரி எடுத்தாலும் இதே கதிதான், கணக்கிட்டுப் பாருங்கள்.

"அவர்கள் இருவரும் பேசிக்கொண்டால் இ-யின் பொய் வெளிப்பட்டுவிடுமே?" என்று ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்வி. ஆ வந்து அ-விடம், "இ என்னிடம் 9.24 என்றாள்" என்கிறாள். அ-வுக்கோ இ சொன்னது 8.48. இப்போது அ என்ன எண்ணுவாள்? இ பொய் சொல்லியிருக்கலாம். அல்லது இ சொன்னதை ஆ மாற்றிச் சொல்லலாம். இரண்டில் எது என்று அறிய அவளுக்கு வழியே இல்லை. மூவரில் ஒருத்தி இரட்டை நாக்குடையவளானால் மற்ற இருவரின் நட்பே குலைந்துவிடுகிறது!

அடுத்து நான்கு மாணவியர் வந்தார்கள். அ-வுக்கு 9.00, ஆ-வுக்கு 9.06, இ-க்கு 9.12. இம்முறை ஈ என்பவள் இரட்டை நாக்கு. விதியும் சற்று மாறியது: நான்கு நேரங்களில் மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் அடித்துவிட வேண்டும், மீந்த இரண்டின் நடுநேரத்தைத் தன் நேரமாகக் கொள்ளவேண்டும். ஈ அ-விடம் 8.54 என்றும், ஆ-விடம் 9.06 என்றும், இ-யிடம் 9.18 என்றும் சொன்னாள்.

அ கண்டவை 8.54, 9.00, 9.06, 9.12. இரு முனைகளையும் அடித்தால் 9.00, 9.06. நடுநேரம் 9.03. ஆ-வுக்கு மீந்தவை 9.06, 9.06, அவள் 9.06-லேயே நின்றாள். இ கண்டவை 9.00, 9.06, 9.12, 9.18. மீந்தவை 9.06, 9.12. நடுநேரம் 9.09. பன்னிரண்டு நிமிட வேறுபாடு ஒரே சுற்றில் ஆறு நிமிடமாகிவிட்டது! அடுத்த சுற்றில் ஈ எவ்வளவு முயன்றும் அது மூன்று நிமிடமாயிற்று. அதற்கடுத்த சுற்றில் ஒன்றரை. வகுப்பு முழுவதும் கைதட்டியது.

ஈ-யின் பொய் ஏன் எடுபடவில்லை? அவள் பெரிய பொய் சொன்னால் அது முனைக்குப் போய் அடிபட்டுவிடுகிறது. நள்ளிரவு பன்னிரண்டு மணி என்று சொன்னாலும் அதே கதிதான். முனைக்குப் போகாத பொய் சொன்னாலோ அது உண்மையாளர் சொன்ன நேரங்களுக்கு இடையிலேயே விழுகிறது, அதனால் தீங்கில்லை. எனவே எவரும் உண்மையின் எல்லையைத் தாண்டிப் போவதில்லை. இதில் வியப்பு யாதெனில், பொய்யர் யார் என்று கண்டுபிடிக்கவே தேவையில்லை. யாரென்று தெரியாமலே அவளால் தீங்கு வராதபடி செய்துவிடுகிறோம்.

இதைக் கண்டறிந்தவர்கள்

இந்த ஆராய்ச்சி 1970-களின் பிற்பகுதியில் ஊக்கம் பெற்றது. விமானங்களைக் கணிப்பொறிகளைக் கொண்டு இயக்க 'நாசா' நிறுவனம் விரும்பியது. ஒரு கணிப்பொறி கெட்டாலும் விமானம் கெடக்கூடாது. அதற்காகப் பல கணிப்பொறிகள் ஒன்றாக உழைக்கும் 'சிஃப்ட்' என்னும் அமைப்பைக் கலிஃபோர்னியாவிலுள்ள எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தார் வடிவமைத்தார்கள். அக்கணிப்பொறிகளின் கடிகாரங்களை ஒத்திருக்கச் செய்யும் முயற்சியில்தான் மூன்று போதாது என்னும் உண்மை தெளிவாயிற்று. மார்ஷல் பீஸ், ராபர்ட் ஷோஸ்டாக், லெஸ்லி லாம்போர்ட் ஆகிய மூவரும் 1980-இல் இதனை நிறுவிக் காட்டினார்கள். 1982-இல் அவர்களே இதனை, கோட்டையை முற்றுகையிட்ட தளபதிகளுள் சிலர் துரோகிகளாக இருந்தால் மற்றவர்கள் எவ்வாறு ஒருமித்த முடிவுக்கு வருவது என்னும் கதையாக எழுதினார்கள். 'பைசாந்தியத் தளபதிகள்' என்னும் அக்கதையின் பெயரே இவ்வகைப் பழுதுக்கு நிலைத்துவிட்டது.

அவர்கள் கண்ட கணக்கு இதுதான்: ஒரு பொய்யரைத் தாங்க நான்கு பேர் வேண்டும், இரு பொய்யரைத் தாங்க ஏழு பேர், மூவரைத் தாங்கப் பத்துப் பேர். பொய்யரின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள், விடை வந்துவிடும். ஒவ்வொருவரும் தாம் சொன்னதில் யாராலும் மாற்ற இயலாத கையொப்பம் இட்டு அனுப்பினால் இந்த எண்ணிக்கை குறையும். ஏனெனில் அப்போது ஈ சொன்னதை ஆ மாற்றிச் சொல்ல இயலாதன்றோ?

நாங்கள் வகுப்பிலே ஆடிய விளையாட்டின் விதி இருக்கிறதே, முனைகளை அடித்துவிட்டு நடுநேரத்தைக் கொள்வது, அதனைக் கடிகாரங்களுக்கென வகுத்துத் தந்தவர்கள் இருவரும் பெண்கள் என்பதை அறிந்தபோது நாங்கள் பெருமை கொண்டோம். ஒருவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியை நான்சி லிஞ்ச். மற்றவர் அவரிடம் பயின்ற மாணவி ஜெனிஃபர் லுண்டேலியஸ் வெல்ச். 1984-இல் மாநாடொன்றில் அளித்த கட்டுரையை 1988-இல் விரிவாக வெளியிட்டார்கள். ஆசிரியையும் மாணவியும் சேர்ந்து செய்த அப்பணி இன்றும் இத்துறையில் பயில்வோருக்குப் பாடமாக இருக்கிறது.

மெய்யொலியும் பொய்யொலியும்

உலகெங்கும் வழங்கும் என்.டி.பி. முறையும் ஏறக்குறைய இதே மனப்பான்மையோடு நடந்துகொள்கிறது. அது ஒரே ஒரு கடிகாரத்தை நம்புவதில்லை, பலவற்றிடம் கேட்கிறது. நாம் முன்பு நினைவில் வைக்கச் சொன்ன பிழையின் எல்லை இங்கே பயன்படுகிறது. முதற் கடிகாரம் "4-ஆவது விநாடி, 3 விநாடி முன்பின் இருக்கலாம்" என்கிறது. அஃதாவது 1 முதல் 7 வரை. இரண்டாவது 6 என்கிறது, 2 முன்பின். அஃதாவது 4 முதல் 8 வரை. மூன்றாவது 5 என்கிறது, 2 முன்பின். அஃதாவது 3 முதல் 7 வரை. நான்காவதோ "20, ஒரு விநாடிதான் முன்பின்" என்று உறுதியாகக் கூறுகிறது. இவற்றைக் கோடுகளாகத் தாளில் வரைந்து பாருங்கள். முதல் மூன்றும் 4 முதல் 7 வரை ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. நான்காவது தனியே நிற்கிறது. ஆகவே உண்மை 4-க்கும் 7-க்கும் இடையே என்று கொண்டு, நான்காவதைத் தள்ளிவிடலாம். உறுதியாகப் பேசுவதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதை இக்கணக்கு நமக்குக் கற்பிக்கிறது. இவ்வழியைக் கீத் மார்சுல்லோ என்பவர் 1984-இல் தம் ஆய்விலே கூறினார். ஒத்துப்போகும் கடிகாரத்தை 'ட்ரூசைமர்' என்றும், ஒவ்வாததை 'ஃபால்ஸ்டிக்கர்' என்றும் பொறியாளர்கள் வேடிக்கையாக அழைக்கிறார்கள். மெய்யொலிப்பான், பொய்யொலிப்பான் என்று நாம் தமிழில் சொல்லலாமன்றோ?

இன்னொரு நற்குணமும் அதற்கு உண்டு. சிறு பிழையைக் கண்டால் கடிகாரத்தைச் சட்டென்று திருப்பிவிடாது. சற்றே விரைவாகவோ மெதுவாகவோ ஓடவிட்டுப் படிப்படியாகச் சரிசெய்யும். ஏனெனில் நேரம் பின்னோக்கிக் குதித்தால், பணம் எடுத்ததற்குப் பிறகு பணம் போட்டதாகக் கணக்கேட்டில் பதிவாகிவிடலாம். வேறுபாடு ஆயிரம் விநாடிக்கு மேல் இருந்தாலோ, "இதில் ஏதோ தவறு இருக்கிறது, மனிதர் வந்து பார்க்கட்டும்" என்று வேலையை நிறுத்திவிடுவதே அதன் வழக்கமான ஏற்பாடு.

உண்மையில் நடந்தவை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று ஐயுறுவோருக்கு மூன்று நிகழ்ச்சிகளைக் காட்டுவோம்.

அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் 'டிக்', 'டாக்' என்னும் பெயருடைய இரு கணிப்பொறிகள் வாயிலாக உலகுக்கு நேரம் அளித்துவந்தது. 2012 நவம்பர் 19 அன்று அவ்விரண்டும் சிறிது நேரம் 2000-ஆம் ஆண்டு என்று காட்டிவிட்டன! அவற்றையே நம்பியிருந்த சில அமைப்புகளும் பன்னிரண்டு ஆண்டு பின்னே சென்று தடுமாறின. வெவ்வேறு இடங்களிலிருந்து நான்கைந்து நேரங்களைப் பெற்றுவந்தவை அசையவில்லை. இரண்டு கடிகாரம் வேண்டா என்ற மாலுமிகளின் சொல் எவ்வளவு உண்மை! இங்கோ அவ்விரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

2016 ஜனவரி 26 அன்று, பழைய ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் ஒன்று பணியிலிருந்து விலக்கப்பட்டபோது, தரையிலிருந்த நிரலில் ஒரு பிழை தலைகாட்டியது. அதனால் பல செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 13 மைக்ரோ விநாடி தவறான திருத்தத்தை ஒலிபரப்பின. அவ்வளவு சிறு பிசகினால் பிரிட்டனில் டிஜிட்டல் வானொலி ஒலிபரப்புத் தடைப்பட்டது. அங்கே கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துத்தான் இருந்தன. ஆனால் ஒத்துத் தவறின. ஆகவே எண்ணிக்கை மட்டும் போதாது. வெவ்வேறு வகையான, வெவ்வேறு வழியில் வரும் கடிகாரங்கள் வேண்டும்.

மூன்றாவது நம் நாட்டைச் சேர்ந்தது. நம் 'நாவிக்' வழிகாட்டி அமைப்பின் முதற் செயற்கைக்கோளான ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏ, 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. ஒன்று கெட்டால் மற்றொன்று என்று அதில் மூன்று ருபீடியம் அணுக்கடிகாரங்கள் இருந்தன. மூன்றும் ஒரே வகை. மூன்றுமே பழுதாயின என்று 2017-இன் தொடக்கத்தில் தெரியவந்தது. கடிகாரம் இல்லாத வழிகாட்டிச் செயற்கைக்கோளால் வழிகாட்ட இயலாதே! அதே காலத்தில் ஐரோப்பாவின் 'கலிலியோ' செயற்கைக்கோள்களிலும் பல கடிகாரங்கள் நின்றன. ஆனால் அவை ஒவ்வொன்றிலும் இருவகைக் கடிகாரங்கள், வகைக்கு இரண்டாக நான்கு இருந்தமையால், ஒரு செயற்கைக்கோளும் அதனால் பயனற்றுப் போகவில்லை என அப்போது அறிவிக்கப்பட்டது. நம் அறிஞர்களும் சோர்ந்துவிடவில்லை. 2017 ஆகஸ்டு 31-இல் அனுப்பிய மாற்றுச் செயற்கைக்கோள் வெப்பக் கவசம் பிரியாமல் வீணானபோதும், 2018 ஏப்ரல் 12-இல் மற்றொன்றை வெற்றியோடு அனுப்பினார்கள். 2023 மே 29-இல் ஏவிய என்.வி.எஸ்.-01 செயற்கைக்கோளில் நம் நாட்டிலேயே உருவாக்கிய ருபீடியம் கடிகாரத்தையும் வைத்தனுப்பினார்கள்.

நாம் கற்பது

இவ்வளவும் கணிப்பொறிகளைப் பற்றியது மட்டும்தானா? பழுதே இல்லாத கடிகாரத்தை இதுவரை எவரும் செய்ததில்லை. அறிஞர்கள் தேடியதும் அதை அன்று. பழுது வரும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அது வரும்போது வேலை கெடாதபடி ஏற்பாடு செய்வதையே அவர்கள் தேடினார்கள். அதன் விதிகள் மூன்றே. ஒருவர் சொல்லை மட்டும் நம்பாதே, பலரைக் கேள். அந்தப் பலரும் ஒரே இடத்தில் கேட்டவர்களா என்று பார். நீயும் பிசகக்கூடும் என்பதை மறவாமல், அடிக்கடி உன்னைச் சரிபார்த்துக்கொள்.

கைப்பேசியில் வரும் ஒரு செய்தியைப் பத்துப்பேர் அனுப்பினார்கள் என்பதற்காக நம்பிவிடுகிறோம். பத்துப்பேருக்கும் அனுப்பியவர் ஒருவரே என்பதை ஆராய்வதில்லை. அப்படிப்பட்ட செய்தி அடுத்த முறை வரும்போது, டிக்கும் டாக்கும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டு என்று சொன்னதை நினைத்துக்கொள்வோம்.

தோழியரே, நாங்கள் ஆடிய விளையாட்டை நீங்களும் வீட்டில் ஆடிப் பாருங்கள். அப்பா, அம்மா, பாட்டி, நீங்கள் என நால்வர் போதும். சீட்டில் நேரம் எழுதிக்கொள்ளுங்கள். பொய் சொல்லும் கடிகாரமாக யார் இருப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். இரண்டு மூன்று சுற்றுகளில் உண்மையாளர் மூவரும் நெருங்கி வருவதைக் காண்பீர்கள். பிறகு ஏழு பேரைச் சேர்த்து இரு பொய்யரை வைத்து ஆடுங்கள். அப்போது ஒவ்வொரு முனையிலும் எத்தனை நேரங்களை அடிக்கவேண்டும் என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள்!